நன்றியுரை வரை செருப்பு கிடையாது

என் வேலை நியமனக் கடிதத்தில் குமாஸ்தா என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அந்த ஒரு வருடம் நான் உண்மையில் பார்த்த வேலை டாக்டர்களின் செருப்பைப் பூட்டிவைப்பது. ஐம்பது அறுபது டாக்டர்கள் என் அனுமதியில்லாமல் வீட்டுக்குப் போக முடியாமல் நின்ற காலம் அது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அறுபதுகளின் பிற்பகுதி. சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். படித்து முடித்து இருபது வருடமான டாக்டருக்கு இருபது வருடத்துக்கு முந்தைய வைத்தியம்தான் தெரியும், அவர்களை மறுபடி வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று சங்கத்தின் கௌரவச் செயலாளருக்கு ஆசை. அவர் சீனர், அறுவை சிகிச்சை டாக்டர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வகுப்பு, வருடத்துக்குப் பன்னிரண்டு. ஒன்பதுக்கு வந்தவருக்குச் சான்றிதழ். சீமையிலுள்ள ஒரு மருத்துவக் கழகம் இந்த வகுப்புகளை அங்கீகரித்தால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. அங்கீகரிக்க அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வந்தவர் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

இதை ஏற்பாடு செய்ய ஓர் ஆள் வேண்டுமென்று என்னை எடுத்தார்கள். தட்டச்சு, கடிதம், படம் காட்டும் இயந்திரம், தேநீர், அதோடு தின்னக் கறி பஃப், எல்லாம் நான்தான்.

இடம் தமிழர் கடைகள் நிறைந்த சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி. ஞாயிறு பிற்பகலில் அங்கே பரதநாட்டிய வகுப்பு நடக்கும். அதனால் தரையைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பார்கள், யாராக இருந்தாலும் படிக்கட்டுக்குக் கீழேயே காலணியைக் கழற்ற வேண்டும். மண்டபத்துக் காவலாளி இதில் கறார். முதல் வகுப்பன்று டாக்டர்கள் ஒற்றைக் காலில் நின்று ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே முனகினார்கள்.

அந்த முதல் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் ஐம்பத்தெட்டுக் கையெழுத்து. செயலாளர் பூரித்துப்போனார். வகுப்பு முடிந்தபோது நான் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர். அதில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், கறி பஃப் எடுத்தார்கள், விளக்கை அணைத்துப் படம் காட்ட ஆரம்பித்ததும் இருட்டில் நழுவிவிட்டார்கள். இரண்டாம் வகுப்பில் கையெழுத்தை முடிவில் வாங்கினேன். முடியும் நேரம் பார்த்துத் திரும்பி வந்து போட்டார்கள். ஒருவர் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து, அந்தப் பொட்டலத்தைப் பதிவேட்டின் மேல் வைத்துக்கொண்டே கையெழுத்திட்டார். மூன்றாம் வகுப்பில் ஒரே கையெழுத்தில் நான்கு டாக்டர்கள் வந்திருந்தார்கள். நோயாளி மருந்தை நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்கள் இவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யோசனை கிடைத்தது கோயிலில். புரட்டாசிச் சனிக்கிழமை, நல்ல கூட்டம். சாமி கும்பிட்டு வெளியே வந்தால் என் செருப்பைக் காணவில்லை. நான் அண்ணன் குடும்பத்தோடு தோ பாயோ அடுக்குமாடிப் பேட்டையில் புது வீட்டுக்குக் குடிபோயிருந்த சமயம். பஸ் பிடித்துப் போக வேண்டும். வெறுங்காலோடு எப்படி பஸ் ஏறுவது என்று அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். பட்டுப் புடவை, தலையில் பூ, கையில் அர்ச்சனைத் தட்டு, எல்லாம் இருந்தும் ஓர் அடி நகர முடியவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காலணி இல்லாத மனிதர் எங்கேயும் போகமாட்டார், அதிலும் டாக்டர் கட்டாயம் போகமாட்டார்.

படிக்கட்டுக்குக் கீழே சலங்கைகள் வைக்கும் பழைய மர அலமாரி ஒன்று இருந்தது. காவலாளியிடம் பேசி அதை வாங்கிப் பூட்டுப் போட்டேன். அட்டையில் ஒன்று முதல் அறுபது வரை எண் எழுதினேன். நான்காம் வகுப்பிலிருந்து இதுதான் சட்டம்: காலணியைக் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். வகுப்பு முடிந்து, நன்றியுரையும் முடிந்த பிறகு சீட்டைக் கொடுத்துக் காலணியைப் பெற வேண்டும். அப்போது நான் பெயருக்கு எதிரே குறி போடுவேன். தொடங்கிப் பத்து நிமிடமானால் கதவைச் சாத்திவிடுவேன். சாவி என் கைப்பையில்.

முதல் சிக்கல் எண்களில் வந்தது. சீன டாக்டர்கள் யாரும் நாலாம் எண்ணைத் தொடமாட்டார்கள், அது சாவுக்கான எண்ணாம். நம் ஆட்கள் எட்டை வாங்கமாட்டார்கள், சனியனாம். நல்ல வேளையாக எட்டுக்குச் சீனர்களிடம் அடிதடி, அந்தக் கணக்கு நேராகிவிட்டது. நாலு மட்டும் ஒவ்வொரு முறையும் மேசையிலேயே கிடக்கும். காலை முழுவதும் கிருமிகளைப் பற்றிக் கேட்கப்போகிறவர்கள் ஓர் அட்டைத் துண்டைக் கண்டு பின்வாங்குவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பிறகு தந்திரங்கள் ஆரம்பமாயின. ஒருவர் பையில் இன்னொரு ஜோடி கொண்டுவந்தார். மூன்றாவது படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்து, அந்த ஜோடியையும் வாங்கிப் பூட்டினேன். காதுமூக்கு டாக்டர் ஒருவர் தம் கார் டிரைவரை வேறு ஷூவோடு பின்வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார். காவலாளி என் கட்சி. பின்வாசலைப் பூட்டிவிட்டார். சிலர் மேலிடத்தில் புகார் செய்தார்கள். ஆனால் செயலாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, தன் ஷூவையும் கழற்றி என்னிடம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. தூங்குகிறவர்களை நான் கண்டுகொள்ளவில்லை, செருப்பு உள்ளே இருந்தால் ஆள் ஆஜர்.

அந்த வருடம் டாக்டர்களின் அறிவு எவ்வளவு வளர்ந்ததோ எனக்குத் தெரியாது, ஆனால் காலுறைகளின் நிலை நன்றாக முன்னேறியது. ஆரம்பத்தில் ஓட்டை இல்லாத காலுறை பத்தில் இரண்டுதான். நாலைந்து மாதத்தில் எல்லாமே புத்தம் புதுசு. வீட்டில் மனைவிமார்களுக்கு விஷயம் எட்டியிருக்க வேண்டும்.

நாலாம் எண்ணை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறவர் ஒருவரே ஒருவர்தான். சிராங்கூன் ரோட்டில் ஒரு பூக்கடைக்கும் மசாலா அரைக்கும் கடைக்கும் நடுவில் கிளினிக் வைத்திருந்த தமிழ் டாக்டர், ஐம்பது வயதிருக்கும். எப்போதும் கடைசியாக வருவார், மிஞ்சியிருப்பது நாலுதான். தோல் செருப்புதான் போடுவார். வார் அறுந்த இடத்தில் புண்ணுக்குத் தையல் போடும் நூலால் தாமே தைத்திருந்தார். அவ்வளவு நேர்த்தியான தையலை நான் அதற்கு முன் செருப்பில் பார்த்ததில்லை.

அவர் நிலைமை எனக்குத் தெரியும். துறைமுகத்தில் ஒரு கம்பெனியின் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பல வருடங்களாக அவர்தான் டாக்டர். கம்பெனிக்குப் புதிதாக வந்த மேலாளர், இந்த வருடச் சான்றிதழ் இருந்தால்தான் தொடரலாம், இல்லாவிட்டால் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார். அந்தக் குடும்பங்களில் பாதிக் குழந்தைகள் அவர் கையில் பிறந்தவை. அப்படியிருந்தும் முதல் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் நோயாளிகள் விடவில்லை என்று தவறவிட்டார். ஆறாம் வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்தார்.

நான் கதவைச் சாத்தியிருந்தேன். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான் என்றேன். அவர் ஏன் தாமதம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஒருவருக்குத் தளர்த்தினால் ஐம்பது பேரும் வந்து நிற்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயம்தான். ஆனாலும் அன்று மத்தியானம் பதிவேட்டை எடுத்து, அவர் பெயருக்கு எதிரே குறி விழாத இடங்களை எண்ணினேன். மூன்று வகுப்பு போய்விட்டது, இனி அவர் ஒன்றைக்கூட விடக்கூடாது. அவரும் விடவில்லை. பதினொன்று முடிந்தபோது அவர் கணக்கில் எட்டு இருந்தது.

பன்னிரண்டாவது வகுப்பு ஜூன் மாதம். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு என்பது தலைப்பு. அதற்குத்தான் சீமைக் கழகத்திலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரர், உயரமானவர், வயதானவர். விதியைச் சொன்னதும் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். வலது காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவர் மனைவிக்கு நாங்கள் தகவல் அனுப்பியிருக்க வேண்டும். நாலாம் எண் சீட்டை வாங்கிக்கொண்டு துறைமுக டாக்டரும் நேரத்துக்கு மாடியேறினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

வகுப்பு தொடங்கி அரைமணி ஆனபோது கறி பஃப் இன்னும் வந்து சேரவில்லை. மற்ற நாளாக இருந்தால் விட்டிருப்பேன். அன்று சீமைக்காரர் இருக்கிறார். கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்கு விரைந்தேன். அங்கே கடைக்காரர் அப்போதுதான் எண்ணெயைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அவரோடு சண்டை போட்டு, சுடச்சுட வாங்கிக்கொண்டு திரும்ப முக்கால்மணி ஆகிவிட்டது. நான் வந்தபோது மேலே வகுப்பு முடியும் கட்டத்தில் இருந்தது. நன்றியுரை முடிந்தது. டாக்டர்கள் இறங்கிவந்து சீட்டைக் கொடுத்துக் காலணிகளை வாங்கினார்கள். ஒவ்வொருவராகக் குறி போட்டேன். கடைசியில் அலமாரியில் சீமைக்காரரின் ஷூ, செயலாளரின் ஷூ, சொற்பொழிவாளரின் ஷூ, அவற்றோடு வாரில் தையல் போட்ட ஒரு ஜோடித் தோல் செருப்பு.

படியருகே நின்று பேசிக்கொண்டிருந்த அந்த மூவரையும் தாண்டி மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மண்டபம் காலி. காவலாளிதான் சொன்னார், ஒரு ஆள் அலறிக்கொண்டு ஓடிவந்ததாகவும், அவன் மனைவிக்கு வீட்டிலேயே குழந்தை பிறந்து ரத்தம் நிற்கவில்லை என்றதாகவும், துறைமுக டாக்டர் இறங்கிவந்து என்னைத் தேடியதாகவும்.

"ஒன்னயக் காணோம், சாவியயும் காணோம். ரெண்டு நிமிஷம் பாத்தாரு. அப்புறம் அப்படியே ஓடிட்டாரு, வெறுங்காலோட," என்றார் காவலாளி.

காலணி இல்லாமல் எந்த டாக்டரும் தெருவில் இறங்கமாட்டார் என்பதுதான் என் முழுத் திட்டத்தின் அஸ்திவாரம். ஜூன் மாத வெயில். நடுப்பகலில் தார் ரோட்டில் மாடுகூட நிழல் பார்த்துத்தான் நடக்கும். சாவி என் பையில், கறி பஃபுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியாததால் இன்னும் அதிகமாக வந்தது.

இதற்குள் சீமைக்காரர் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். திட்டம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு அலமாரியைப் பார்த்து, அந்தச் செருப்பு யாருடையது என்று கேட்டார். செயலாளர் சட்டென்று முந்திக்கொண்டார். எங்கள் விதிப்படி நன்றியுரை முடியும்வரை காலணி அலமாரியில் இருந்தால் அவர் வந்தவர்தான், பாருங்கள், இன்னும் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குறி போடு என்ற பார்வை.

விதிப்படி அது சரிதான். விதியை எழுதியதே நான். பேனா கையில் இருந்தது, ஒரு கோடு இழுத்தால் போதும், துறைமுகத்துக் குடும்பங்களுக்கு டாக்டர் மிஞ்சுவார். என்னால் முடியவில்லை. பதினொரு மாதம் அத்தனை பேரையும் விரட்டிப் பிடித்துவிட்டு இதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டால், அந்தப் பதிவேடு வெறும் காகிதம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இங்கே இல்லை, அரைமணி நேரம்தான் இருந்தார், ரத்தப்போக்குக்கு ஓடினார், வெறுங்காலோடு ஓடினார், சாவி என்னிடம் இருந்தது, நான் கறி பஃப் வாங்கப் போயிருந்தேன் என்றேன். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

சீமைக்காரர் பதிவேட்டை மூடிவைத்தார். பிறகு, அவர் திரும்பி வருவாரா என்று கேட்டார். செருப்பு இங்கேதானே இருக்கிறது, வருவார் என்றேன். சரி, காத்திருப்போம் என்று படியில் உட்கார்ந்து ஒரு கறி பஃபை எடுத்துக்கொண்டார்.

ஏறக்குறைய இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். கால்சட்டையில் ரத்தக்கறை. கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையின் நிழலிலேயே காலை எடுத்து எடுத்து வைத்து, நிழல் இல்லாத இடத்தில் குதித்து வந்தார். தாயும் பிள்ளையும் பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், இரண்டு உயிரும் பிழைத்துக்கொண்டன என்றார். அதற்குள் தெருவில், டாக்டர் ஏதோ வேண்டுதல் வைத்து வெறுங்காலோடு ஓடுகிறார் என்று பேச்சு கிளம்பி, பூக்கடைக்காரர் ஒரு முழம் மல்லிகையைக் கையில் திணித்திருந்தார். அதைக் கீழே போடவும் மனமில்லாமல் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

தன் வருகை போய்விட்டது என்று அவருக்கே தெரியும். செருப்பு மட்டும் வேண்டும் என்று சீட்டை நீட்டினார்.

சீமைக்காரர்தான் குறுக்கிட்டார். தொடக்கம் முதல் முடிவு வரை இருக்க வேண்டும் என்பதுதான் விதி, இவருக்குத் தொடக்கம் ஆகிவிட்டது, முடிவுதான் இன்னும் ஆகவில்லை, அதற்குள் ஏன் செருப்பைக் கேட்கிறார் என்றார். சொற்பொழிவாளர் மூன்றாவது கறி பஃபைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, டாக்டர் எழுந்து ஓடிய இடத்திலிருந்து மறுபடி பாடத்தைச் சொல்லச் சொன்னார். நான் அலமாரியைச் சாத்தி மறுபடி பூட்டினேன்.

மாடியில் நடன வகுப்பு ஆரம்பித்துவிட்டதால் படிக்கட்டிலேயே நடந்தது. கேட்க வந்தவர்கள் டாக்டர், சீமைக்காரர், செயலாளர், நான். தலைக்கு மேலே இருபது பெண்கள் தாளம் தவறாமல் தரையை மிதித்தார்கள், அதற்கு மேலே குரலை உயர்த்திச் சொற்பொழிவாளர் ரத்தம் ஏற்றுவதைப் பற்றிக் கத்தினார். டாக்டர் நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். சீமைக்காரர் என்னைப் பார்த்தார். தூங்கலாம், செருப்பு உள்ளேதான் இருக்கிறது என்றேன்.

பாடம் முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நன்றியுரை முடியாமல் அலமாரி திறக்காது என்று நான் நின்றேன். நன்றி சொல்ல யாரும் மிச்சமில்லை. செயலாளர் என்னைக் கை காட்டினார். பன்னிரண்டு நன்றியுரையை நான் தட்டச்சு செய்திருக்கிறேன், ஒன்றையும் பேசியதில்லை. சொற்பொழிவாளருக்கு இங்கிலீஷில் ஒரு வரி நன்றி சொன்னேன். பிறகு டாக்டரைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"ஆறாவது கிளாசுக்கு இருவது நிமிஷம் லேட்டா வந்தீங்க டாக்டர். ஏன்னுகூடக் கேக்காம கதவ சாத்திட்டேன். மன்னிச்சிருங்க."

அலமாரியைத் திறந்து செருப்பைக் கொடுத்து, அவர் பெயருக்கு எதிரே குறி போட்டேன். ஒன்பது. சீமைக்காரர் அதன் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

டாக்டர் செருப்பை மாட்டப் பார்த்தார், முடியவில்லை. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு, அந்த ஆறாவது கிளாசுல, இனிப்பு நீர், சக்கர வியாதி பத்தித்தானே பேசுனாங்க? எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அதான்மா. என்ன சொன்னாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தலைப்பைத் தட்டச்சு செய்தவள் நான், சொற்பொழிவாளருக்குத் தண்ணீர் வைத்தவள் நான், அன்று கீழே கழற்றிவிட்ட காலணி எத்தனை ஜோடி என்று கேட்டால் சொல்லியிருப்பேன். மேலே ஒரு வருடமாக என்ன பேசினார்கள் என்று ஒரு முறைகூடக் காது கொடுத்ததில்லை.

"தெரியல டாக்டர். நான் கீழதான் இருந்தேன்."

"பரவால்ல. அடுத்த வருஷம் மறுபடி போடுங்கம்மா. நான் சீக்கிரமே வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டு, நிழல் பார்த்து நிழல் பார்த்துக் கிளினிக்குக்குப் போனார்.

மூன்று மாதத்தில் அங்கீகாரக் கடிதம் வந்தது. அதில் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. துறைமுகக் கம்பெனியும் அவரையே வைத்துக்கொண்டது. அடுத்த வருடத்தின் முதல் வகுப்பாக இனிப்பு நீரையே போட்டேன். அலமாரிச் சாவியைப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு நானும் மேலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார். கதவு திறந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும், அதுவரை நான் எழுதியிருந்த இரண்டு பக்கத்தை அவர் பக்கம் தள்ளினேன்.